சிவப்பு மையின்மேல் ஒரு ஸ்டிக்கர்

திங்கட்கிழமையிலிருந்து இந்த வகுப்புகள் உங்கள் மூன்று பேருடையவை. பெட்டியை ஒப்படைத்துவிட்டேன். சாக்பீஸ், டஸ்டர், வருகைப் பதிவேடு, நான் வெட்டி வைத்த துணித் துண்டுகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. அடியில் மை தீர்ந்த சிவப்புப் பேனா ஒன்று கிடக்கும். குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் உங்களை டீ குடிக்க உட்கார வைத்திருக்கிறேன்.

ஆங்கில இலக்கணத்தை உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டால் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. நான் டியூட்டோரியல் ஒன்றில் பதினெட்டு வருடம் தேர்வில் தவறிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். அதன் பிறகு பனியன் கம்பெனிகளில், வேலை செய்கிறவர்களுக்கு. இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துத்தான் போனேன். பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துபோன அடிப்படை ஆங்கிலத்தை மறுபடியும் தூசி தட்டித் தர வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

முதல் கம்பெனியில் முதல் வாரமே மூக்கு உடைந்தது. ராஜா புலியைக் கொன்றார், ராமு மாம்பழம் சாப்பிட்டான் என்று என் பழைய வாக்கியங்களைப் பலகையில் எழுதினேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே கொட்டாவி விட்டார்கள். காலை எட்டரை மணியிலிருந்து மெஷினில் உட்கார்ந்தவர்களுக்கு ராமு எந்தப் பழத்தைச் சாப்பிட்டால் என்ன? அடுத்த வாரம் கட்டிங் டேபிளில் கழித்துப் போட்ட துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். சப்ஜெக்டுக்குச் சிவப்பு, வெர்புக்கு நீலம், அதற்குப் பிறகு வருவதற்கு மஞ்சள் என்று வெட்டி, சொற்களை மார்க்கரில் எழுதிக் கொடியில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டச் சொன்னேன். அன்றைக்குத்தான் வகுப்பில் முதல் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இப்போது சொல்லப்போவது அதற்குச் சில வருடங்கள் கழித்து, முதலிபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் நடந்தது. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணின் பெயரையும் சொல்ல மாட்டேன். அவர் இன்னும் இதே வட்டாரத்தில்தான் வேலை செய்கிறார். கம்பெனி முழுவதும் அவரைச் செக்கிங் அக்கா என்று கூப்பிடும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நேரில் அவரை அம்மிணி என்பேன். மற்றவர்களிடம் பேசும்போது எனக்கும் அவர் செக்கிங் அக்காதான்.

வகுப்பு தரைத்தளத்தில் கேண்டீனில் நடந்தது. வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கு மணிக்கு. பதினான்கு பெண்கள். மூன்று மாத முடிவில் தேர்வு வைத்து, நன்றாக எழுதுகிறவர்களில் இரண்டு பேரை சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசர் என்றால் தினமும் நான்கு வரியாவது ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும். செக்கிங் அக்கா பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பன்னிரண்டு வருடமாகச் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே வேலை செய்து கால் நரம்பு சுருண்டு போயிருந்தது. அந்தப் பதவி கிடைத்தால் உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும். அதை அவர் ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் வேடிக்கையாக.

அவர் வேலை என்னவென்று தெரிந்தால்தான் மற்றது புரியும். தைத்து வந்த டீ சர்ட்டை விளக்குப் போட்ட மேசையில் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்கள். ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம் ஏதாவது கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தையல்காரருக்குத் திருப்பி அனுப்புவார்கள். சரிசெய்து வந்ததும் மறுபடி பார்த்து, ஸ்டிக்கரை உரித்துவிட்டு, நல்ல பீஸ்களோடு சேர்ப்பார்கள். அக்காவின் ஆள்காட்டி விரல் நுனியில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் தயாராக இருக்கும். வகுப்புக்கு வரும்போதும் சில நாள் அப்படியே வந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்தக் கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கிற ஹெச்.ஆர். பையன் ஒருவன் இருந்தான். படித்து முடித்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். நல்ல பையன், எதற்கும் பயந்தவன். வகுப்பு தொடங்கின இரண்டாம் வாரம் இருபது வாக்கியங்கள் டைப் அடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாம் கம்பெனியைப் பற்றிய வாக்கியங்கள். எங்களுக்குச் சுத்தமான குடிநீர் கிடைக்கிறது. நாங்கள் முகக்கவசம் அணிகிறோம். பின்கதவு எப்போதும் திறந்திருக்கிறது. இப்படி.

"பையர் ஆளுங்க வந்து கேட்டா இவங்களே இங்கிலீஷ்ல சொல்லணும் மேடம். நீங்க இத வெச்சே கிராமர் எடுத்துட்டீங்கன்னா ரெண்டு வேலையும் முடிஞ்சிரும்" என்றான்.

நமக்குத் துணி எடுக்கிற வெளிநாட்டுக்காரர்களின் ஆட்கள் வருடத்துக்கு ஒரு தடவை வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. ராஜாவும் புலியும் ஒழிந்தார்கள். பெண்கள் தினமும் பார்க்கிற தண்ணீரும் கதவும் வந்துவிட்டன. துணித் துண்டுகளில் எழுதி மாட்டினோம். பதினோராவது வாக்கியம் எல்லோருக்கும் பிடித்தது. தி பேக் டோர், சிவப்பு. இஸ், நீலம். ஆல்வேஸ் ஓப்பன், மஞ்சள். சின்ன வாக்கியம், உறுப்புகள் பளிச்சென்று தெரியும். அதில் சொன்ன கதவு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

மூன்று மாதம் ஓடியது. நம் கம்பெனியைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி, உறுப்புகளைப் பிரித்துக் காட்டுங்கள் என்று தேர்வு வைத்தேன். பதினான்கு நோட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலுக்கு நடுவே திருத்தினேன். எல்லாம் அந்த இருபதிலிருந்து எடுத்த வாக்கியங்கள்தான். பத்தாவது நோட்டுக்கு வரும்போது கண் வாக்கியத்தைப் படிக்கவில்லை, அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போனது.

செக்கிங் அக்காவின் நோட்டில் நான்கு வாக்கியம் தாளில் இருந்தபடியே இருந்தது. ஐந்தாவதில் 'தி பேக் டோர் இஸ் ஆல்வேஸ் லாக்டு' என்று எழுதியிருந்தார். பின்கதவு எப்போதும் பூட்டியிருக்கிறது. உறுப்புகளை மிகச் சரியாகப் பிரித்திருந்தார். நான் லாக்டு என்ற சொல்லை அடித்தேன். மேலே சிவப்பு மையில் ஓப்பன் என்று எழுதினேன். ஒரு மதிப்பெண் குறைத்தேன். அதோடு விட்டேனா? ஓரத்தில் ஆங்கிலத்தில் கேர்லெஸ் என்றும் எழுதினேன். கவனமில்லை என்று. கண்ணைக் கொண்டு பிழைக்கிற ஒருத்தியை.

வியாழக்கிழமை நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, தவறுகளைத் திருத்தி எழுதிக்கொண்டு வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொன்னேன். சனிக்கிழமை காலையில் பையரின் ஆட்கள் வருவதாக இருந்ததால் அந்த வாரம் மட்டும் சனிக்கிழமை வகுப்பை வெள்ளிக்கு மாற்றியிருந்தோம். பயிற்சி நடந்ததற்கு அத்தாட்சியாக நோட்டுகளைக் காட்ட வேண்டும், வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் ஆபீசில் சேர்த்துவிடுங்கள் என்று ஹெச்.ஆர். பையன் மூன்று தடவை சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை வகுப்பை அரை மணியில் முடித்து, நோட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பெண்கள் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்காவின் நோட்டில் திருத்தம் எழுதப்படவில்லை. ஆனால் நான் எழுதிய ஓப்பன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் திருத்தத்துக்கே டேமேஜ் ஸ்டிக்கரா என்று. "அம்மிணி, சித்த நில்லுங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பி வந்தார். நோட்டைக் காட்டினேன்.

"இது என்னங்க?"

அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தலை குனிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். கையி பழகிப்போச்சுங்க. தப்பு கண்ணுல பட்டா ஒட்டீர்றதுங்க."

"எது தப்பு? நானு எழுதுனதா?"

"ஒருக்கா மேல வந்து பாத்துப்போட்டு வந்துருங்களே. அஞ்சு நிமிசந்தானுங்க."

மூன்று மாதம் அந்தக் கம்பெனிக்குப் போய் வந்திருக்கிறேன். இரண்டாவது மாடிக்கு அன்றுதான் முதன்முறையாக ஏறினேன். தையல் மெஷின்கள் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஐம்பது பேருக்குமேல் இருப்பார்கள். கடைசியில் செக்கிங் டேபிள். அதற்கு நாலு எட்டில் ஓர் இரும்புக் கதவு. கதவின் முன்னால் அட்டைப் பெட்டிகள் என் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பெட்டிகளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் தாழ்ப்பாளும், அதில் உள்ளங்கை அளவு பூட்டும் தெரிந்தன. அதுதான் பின்கதவு. அந்தப் பக்கம் வெளிப் படிக்கட்டு இருக்கிறதாம்.

"பீஸு காணாமப் போகுதுன்னு பி.எம்.மு பூட்டி வெச்சாருங்க. ரெண்டு வருசமாச்சுங்க. சாவி அவருகிட்டத்தான்" என்றார் அக்கா. பி.எம். என்றால் புரொடக்‌ஷன் மேனேஜர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "போன மாசி மாசம் அயர்ன் டேபிள் வயரு கருகிப் பொகை வந்துருச்சுங்க. பொகைதானுங்க, தீ இல்லீங்க. ஆனா அப்ப அது ஆருக்குத் தெரியுமுங்க? கிட்ட இருக்குதுன்னு அல்லாரும் இந்தக் கதவுக்குத்தானுங்க ஓடியாந்தோம். என்ற கை அந்தப் பூட்டப் புடிச்சு ஆட்டுச்சுங்க டீச்சர். அப்பறம் அந்தப் பொகைக்குள்ளயே திரும்பி ஓடி முன்னால எறங்குனோம். அந்தக் கைய வெச்சுட்டு ஓப்பன்னு எழுதோணும்னு நெனச்சனுங்க. வரலீங்க."

கேண்டீனுக்கு இறங்கி வந்தோம். கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. நோட்டுகள் மேசைமேல் இருந்தன.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நிமிடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை அவரிடம் நீட்டினேன். "அம்மிணி, இப்போதைக்கு ஓப்பன்னு எழுதிருங்க. நாளைக்கு ஒரு நாளு போகட்டும். அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். அவருடைய நல்லதுக்காகச் சொன்னதாகத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்யுமல்ல. அந்த நோட்டு அப்படியே ஆபீசுக்குப் போனால், பெயர் போட்ட நோட்டு, அவருடைய கையெழுத்து. சூப்பர்வைசர் நாற்காலி போவது இருக்கட்டும், செக்கிங் டேபிளே போய்விடும். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. கணவர் மங்கலம் பக்கம் தறி ஓட்டி, அந்தச் சத்தத்தில் காது மந்தமாகி வீட்டில் இருந்தார். ஆனாலும் உங்களிடம் மறைக்க மாட்டேன், என் வகுப்பு போய்விடுமே என்ற பயமும் அதில் கலந்திருந்தது.

அக்கா பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். நோட்டின்மேல் குனிந்தார்.

"எழுதீர்றனுங்க டீச்சர். நீங்க சொல்லி எழுதாம இருப்பனுங்களா?" என்றார். பிறகு நிமிர்ந்து, சங்கடத்தோடு சிரித்தார். "ஒண்ணுதானுங்க. எழுத்த மாத்தறதுக்குப் பதுலா அந்தக் கதவத் தொறந்து போட்டாங்கன்னா ரெண்டு பேத்துக்கும் வேலை மிச்சமில்லீங்களா?"

அவர் அதை யோசனையாகக்கூடச் சொல்லவில்லை. நடக்காத ஒன்றைச் சொல்லிச் சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "நீங்க டேபிளுக்குப் போங்க அம்மிணி. எங்கிட்ட எதுவும் சொல்லல நீங்க" என்று அனுப்பிவிட்டு, பதினான்கு நோட்டுகளையும் அள்ளி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன்.

அந்த முப்பது அடி நடைக்குள் பலதும் மனசில் ஓடியது. பக்கத்தைக் கிழித்துவிடலாமா? பி.எம்.மிடம் நேராகப் போய்ச் சண்டை போடலாமா? சண்டை போட்டால் யார் சொன்னார்கள் என்றுதான் முதலில் கேட்பார். நாளைக்கு வருகிறவர்களிடம் நானே சொல்லலாமா? ஆர்டர் போனால் ஐம்பது பேருக்கும் வேலை போகும், போய்விட்டால் அந்தப் பெண்கள் என்னை வாழ்த்தவா போகிறார்கள்? யார் தலையும் உருளாமல் கதவு மட்டும் திறக்க வேண்டும். அது எப்படி என்று யோசித்துக்கொண்டே ஆபீஸ் கதவைத் தள்ளினேன்.

"நோட்டெல்லாம் ரெடியா மேடம்?" என்றான் பையன்.

"ரெடிதான் தம்பி. அந்தப் பதினோராவது வாக்கியம் யாரு எழுதுனது?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் போட்ட லிஸ்ட் மேடம். ஏன், கிராமர் தப்பா?"

"கிராமரெல்லாம் சுத்தமா இருக்கு. கதவுதான் பூட்டியிருக்கு."

அவன் முகம் மாறியது. "யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. சுவத்துல சார்ட் ஒட்டலாம்னு மேல போனேன். என் கண்ணால பாத்தேன்" என்றேன். சார்ட் பொய். வாழ்க்கையில் நான் வருத்தப்படாத பொய் அது ஒன்றுதான்.

"நான் ரெண்டு வாட்டி சொல்லிட்டேன் மேடம். பி.எம். சார் காதுல போட்டுக்கல."

"சரி, சண்டைக்குப் போக வேண்டாம். இத மட்டும் யோசிங்க. இத்தன நோட்டுலயும் பின்கதவு தொறந்திருக்குன்னு நாம எழுத வெச்சிருக்கோம். நாளைக்கு வர்றவங்க இதத்தான் படிப்பாங்க. படிச்சுட்டு, வாங்க அந்தக் கதவப் பாக்கலாம்னு சொன்னா? நாமளே வழி காட்டி அவங்கள அங்க கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு."

அவன் என் கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தான். "அந்தப் பக்கத்த எடுத்துட்டா?"

"எல்லா நோட்டுலயும் ஒரே பக்கம் கிழிஞ்சிருந்தா அவங்களுக்குத் தெரியாதா தம்பி?"

"அப்ப என்னதான் மேடம் பண்றது?"

"கதவத் தொறந்து வெச்சுட்டா எழுத்த மாத்துற வேலை மிச்சம்" என்றேன். என் வாயிலிருந்து வந்த சொல், என்னுடையதல்ல. "சார்கிட்ட இதயே சொல்லுங்க. இங்கிலீஷ் டீச்சரம்மா கதவப் பத்திப் பாடம் நடத்திட்டாங்க, இப்ப நோட்டக் குடுக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லுங்க. திட்டுனா என்னத் திட்டட்டும்."

அவன் எழுந்து போனான். நான் நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே கண்ணாடி அறையில் பி.எம். சத்தம் போடுவது கேட்டது. கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு மாடியில் பெட்டிகளை இழுக்கிற சத்தம். ஐந்தரை மணிக்குப் பையன் சட்டையெல்லாம் தூசியோடு வந்தான். கையில் அந்தப் பூட்டு இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் டீ சொன்னான். நான் பதின்மூன்று நோட்டுகளைக் கொடுத்தேன். "ஒண்ணு பாக்கி இருக்கு தம்பி. அதுல என் திருத்தத்துல தப்பு இருக்கு, சரிபண்ணிட்டுத் தர்றேன்" என்று பதினான்காவதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை வந்தவர்கள் தீயணைப்புச் சிலிண்டர்களை எண்ணினார்கள், கழிப்பறையைப் பார்த்தார்கள், நோட்டுகளைப் புரட்டி நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தக் கதவை யாரும் கேட்கவே இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பூட்டு மறுபடி ஏறிவிட்டது.

எனக்கு அது எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் புதிதாக ஒரு வழக்கம் தொடங்கினேன். தேர்வுக்குப் பிறகும் ஒரு மாதம் வகுப்பு பாக்கி இருந்தது. இனிமேல் தாளைப் பார்த்து வாக்கியம் சொல்லக் கூடாது. ஒவ்வொருவரும் அன்றைக்குத் தன் கண்ணால் பார்த்த ஒன்றை ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒருத்தி, இன்றைக்குச் சாம்பாரில் உப்பில்லை என்றாள். இன்னொருத்தி, என் மெஷின் புதுசு என்றாள். சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஹெச்.ஆர். பையன் மூலையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

செக்கிங் அக்கா எழுந்தார். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "தி பேக் டோர் இஸ் லாக்டு டுடே" என்றார்.

பாத்திரம் கழுவுகிறவர்கூடக் குழாயை நிறுத்தினார். பதின்மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அவர் வேலை நிற்பதும் போவதும் இப்போது என் முகம் காட்டுவதில் இருந்தது. நான் பதறினால் அது புகார் ஆகிவிடும். பாராட்டினாலும் புகார்தான். கொடியிலிருந்து துணித் துண்டுகளை எடுத்தேன்.

"ம். சப்ஜெக்ட் எது?" என்றேன், ராமு மாம்பழம் சாப்பிட்ட அதே குரலில்.

முன்வரிசையில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "தி பேக் டோருங்க டீச்சர்."

"வெர்ப்?"

"இஸ்ஸுங்க." இப்போது நாலைந்து குரல்.

"மீதி?"

"லாக்டு டுடே." எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அவ்வளவு சத்தமாக அந்த வகுப்பு அதற்குமுன் பதில் சொன்னதில்லை.

"வாக்கியம் சரி. உட்காருங்க. அடுத்த ஆளு" என்றேன். ஹெச்.ஆர். பையன் பேனாவை மூடினான். எழுந்து மாடிப்படிப் பக்கம் போனான். கால் மணியில் பெட்டிகள் நகர்கிற சத்தம் கேட்டது. யாரும் மேலே பார்க்கவில்லை. பாடத்தைத் தொடர்ந்தோம்.

வியாழக்கிழமை முதல் வாக்கியம் சொல்ல எழுந்தது அக்கா இல்லை. முன்வரிசைப் பெண். "தி பேக் டோர் இஸ் ஓப்பன் டுடே." சனிக்கிழமை வேறொருத்தி. அப்படிச் செய்யுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஆள் சொன்னால் அந்த ஆளின் பெயர்தான் அடிபடும் என்று தங்களுக்குள் பேசி, முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு மாதத்தில் லாக்டு இன்னும் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் வகுப்பு முடிவதற்குள் ஓப்பன் ஆனது. கடைசி வாரத்தில் பையன் எப்படியோ முதலாளிவரை பேசி, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியே இருந்து திறக்க முடியாத கம்பித் தாழ்ப்பாளைக் கதவுக்குப் போட வைத்தான். தள்ளினால் மணி அடிக்கும். பீஸ் திருடுகிறவர் மணி அடித்துவிட்டா போவார்? பி.எம்.மும் வாயை மூடிக்கொண்டார். பயந்த பையன் என்று சொன்னேனே, அந்தச் சொல்லையும் நான் அடித்துத்தான் எழுத வேண்டும்.

கடைசி வகுப்பு அன்றைக்குப் பதினான்காவது நோட்டைக் கொண்டுபோனேன். எல்லோரும் போன பிறகு அக்காவை நிறுத்தினேன். சூப்பர்வைசர் பட்டியலில் அவர் பெயர் அன்று காலையில்தான் ஒட்டியிருந்தார்கள். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கே போதுமானதாக இருந்தது. ஆனாலும் அந்த ஒரு மதிப்பெண் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

"அம்மிணி, மன்னிச்சிருங்க. நீங்க எழுதுனதுதான் சரி. மார்க்கப் போட்டு, இந்த ஓப்பன அடிச்சிர்றேன்" என்று பேனாவைத் திறந்தேன். முதலில் ஓரத்தில் இருந்த கேர்லெஸ் என்ற சொல்லை அடித்து, அதன் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். பிறகு ஓப்பனை அடிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"அத அடிக்காதீங்க டீச்சர்."

"ஏனுங்க?"

"இப்ப கதவு தொறந்துதானுங்களே இருக்குது. நீங்க எழுதுனது இப்பச் சரியாப் போச்சுங்க."

அவர் நோட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, டீ சர்ட்டைப் பார்ப்பதுபோல ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். நகத்தால் அந்த அம்புக்குறி ஸ்டிக்கரை மெதுவாக உரித்தார்.

"சரிபண்ணி வந்த பீஸுல ஸ்டிக்கரு இருக்கக் கூடாதுங்க" என்றார்.

விரல் நுனியில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கே போடுவது என்று சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த சிவப்புப் பேனாவின் மூடியில் ஒட்டிவிட்டு, மேலே வேலைக்குப் போனார்.

பெட்டியின் அடியில் கிடக்கிறதே, அந்தப் பேனாதான். அம்புக்குறி கொஞ்சம் வெளுத்துவிட்டது, ஆனால் இன்னும் எழுதுகிறவரின் பக்கம்தான் காட்டுகிறது. டீ ஆறுகிறது, குடியுங்கள்.